ஆர் என்றால் ரைட்டு

கோயில் வரிசையில் நிற்கும்போது எங்கம்மா திடீரென்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், அது பக்தி இல்லை. எதிரே வருகிறவர் அவளுடைய லேப்புக்கு வந்துபோனவர் என்று அர்த்தம். பட்டு வேட்டியும் புலிநக மோதிரமுமாக வருகிற அந்தப் பெரிய மனிதருக்கு நீர்க்கடுப்பா, உட்கார முடியாத இடத்தில் கட்டியா என்பது அவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"யாரும்மா அது? இன்னா வியாதி?"

"வாய மூடிக்கினு சாமி கும்புடு."

தீர்த்தம் கொடுத்தால் கையில் வாங்குவாள். குடிக்க மாட்டாள். பயபக்தியோடு தலையில் தடவிக்கொள்வாள். "எல்லாரும் வாய்ல வச்ச கையி" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுப்பாள். அர்ச்சகர் அவளைப் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா பெயர் அருணாதேவி. வயது நாற்பத்திரண்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிற லேப்பில் டெக்னீஷியன். சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதெல்லாம் முன்னறை. அம்மாவுடையது உள்ளறை. சீழ், சளி, மூத்திரம் இவற்றில் இருக்கிற கிருமியை வளர்த்து, எந்த மருந்தைக் கொடுத்தால் அது சாகும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதற்குப் பெயர் கல்ச்சர். எங்கள் ஊரில் கல்ச்சர் என்றால் மார்கழி பஜனை, பரதநாட்டியம், ரமணாசிரமம் பக்கத்துக் காபிக் கடையில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான். எங்கம்மாவுடைய கல்ச்சர் சீழில் ஆரம்பிக்கும்.

செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். ஆறு மார்க்கில் போய்விட்டது. லேப் டெக்னீஷியன் படிப்பில் இடம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சளி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அதே இடத்தில் மயங்கி விழுந்தாளாம். இப்போது அந்த டப்பாக்கள் பத்தைப் பார்த்துவிட்டு, கையை முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, தயிர்சாதம் சாப்பிடுகிறாள். அப்பா பிரசாத் பெங்களூரில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். தீபத்துக்கும் பொங்கலுக்கும் வருவார். அவர் அங்கே மாவைப் பொங்க வைக்கிறார், அம்மா இங்கே கிருமியைப் பொங்க வைக்கிறாள். வீட்டில் பொங்காதது என் மார்க் ஒன்றுதான். பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய், வீடு இருக்கிற அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்கு டுடோரியல் போய்க்கொண்டிருக்கிறேன். கவிநிலா என்று பெயர் வைத்தது அப்பா. அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நான் இதுவரைக்கும் எதுவும் செய்யவில்லை.

வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் லேப் மாதிரியே இருக்கும். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, செவ்வாய், காலை ஏழு பத்து. இட்லி மாவு, ஞாயிறு. எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி, மார்க்கரில் எழுதி வைப்பாள். தேதி தாண்டினால் குப்பைக்குப் போகும். ஒருநாள் ஒரு சீட்டில் "கவிநிலா, பதினேழு வருடம், இன்னும் புளிக்கவில்லை" என்று எழுதி என் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆனால் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவள் என்று நினைக்கவேண்டாம். ஒருமுறை மூத்திர டப்பாவில் ஆறின டீயை ஊற்றி, மூடி, "நோயாளி பெயர்: மண்ணாங்கட்டி" என்று எழுதி அவள் பையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் டைப் அடித்த ரிப்போர்ட் ஒன்று என் தட்டுக்குக் கீழே இருந்தது. நிறம்: பழுப்பு. பால்: உண்டு. சர்க்கரை: ஜாஸ்தி. ஏலக்காய்: ஒன்று. பரிந்துரை: நோயாளி ஒரு வாரத்துக்கு வீட்டுப் பாத்திரம் முழுவதையும் விளக்கவேண்டும். கீழே கையெழுத்து, லேப் முத்திரை. விளக்கினேன்.

அவள் வேலை செய்வதை ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே விடமாட்டாள். முதல் நாள் சீழை ஒரு தட்டில் இழுத்துவிடுகிறாள். மறுநாள் அதில் மொட்டு மொட்டாகக் கிருமி முளைத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் எடுத்து உப்புத்தண்ணீரில் கலக்குகிறாள். கலங்கல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்து, கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறாள். பிறகு வேறொரு தட்டில் அந்தத் தண்ணீரைப் பஞ்சுக்குச்சியால் வாசல் மெழுகுகிற மாதிரி இடைவெளி விடாமல் மெழுகுகிறாள். அதன்மேல் மருந்து ஏற்றின குட்டிக் காகிதப் பொட்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வைக்கிறாள். ஒரு பொட்டுக்கு ஒரு மருந்து. சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பாசி மாதிரி படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்காமல் வட்டமாகத் தெளிவாக இருக்கும். வேலை செய்யாத பொட்டின் காலடி வரைக்கும் கிருமி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊரில் ஒளிவட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. கிரிவலப் பாதையில் எந்த ஃபிளெக்ஸைப் பார்த்தாலும் ஒரு சாமியார், தலைக்குப் பின்னால் ஒரு வட்டம். யாருக்கு வட்டம் நிஜம், யாருக்கு ஃபிளெக்ஸ் கடைக்காரர் போட்டது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. எங்கம்மா அளப்பாள். தட்டைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்கேல் வைத்து, மில்லிமீட்டர் கணக்கில்.

"பெரிய வட்டம்னா பெரிய மருந்தாம்மா?"

"அப்படி இல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அளவு இருக்குது. ஒண்ணுக்குப் பதினேழு போதும், இன்னொண்ணுக்கு இருவத்தஞ்சு இருந்தாலும் பத்தாது. பட்டியலப் பாத்துத்தான் சொல்லணும்."

அளவு போதும் என்றால் ரிப்போர்ட்டில் அந்த மருந்துக்கு நேராக இங்கிலீஷில் எஸ். போதாது என்றால் ஆர். அவ்வளவுதான் சங்கதி. அந்த இரண்டு எழுத்து அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. கடைசியாக வந்து நிற்கிற தாளில் என்ன அச்சாகும் என்று அப்போது நான் கேட்கவில்லை. வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் அம்மாவை லேப்புக்குக் கூட்டிப்போவது வேடியப்பன் மாமாவின் ஆட்டோ. எங்கள் தெருவிலேயே கடைசி வீடு. அம்மா அவரை அண்ணா என்பாள், அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார், அதனால் எனக்கு மாமா. சர்க்கரை வியாதிக்காரர். பௌர்ணமியன்று கிரிவலப் பாதைக்குள் ஆட்டோவை விடமாட்டார்கள் இல்லையா, சும்மா இருப்பானேன் என்று சித்திரைப் பௌர்ணமிக்கு அவரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றியிருக்கிறார். எங்கேயோ கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறது. சர்க்கரைக்காரர் பாதத்துக்குச் சுரணை கம்மி. பாயில் கறையைப் பார்த்து அவர் பெண்சாதி ராணியம்மாள் அத்தைதான் கண்டுபிடித்தது.

வலது கால். ஆட்டோவில் வலது கால்தான் பிரேக்.

டாக்டர் சுண்டுவிரல் பக்கத்தில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் சீழ் எடுத்து அம்மாவுடைய லேப்புக்கு அனுப்பினார். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இந்த மாத்திரையப் போடு. வந்ததும் கொண்டா. மேல ஏறிச்சுன்னா பாதத்தையே எடுக்கற மாதிரி ஆயிடும், பாத்துக்க" என்றார். மாமா இதை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரிடமும் காலைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டதால், எங்கள் வீட்டிலும் இது ரகசியமில்லை.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, ரிப்போர்ட் தயார். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா. கேட்டால் ஆசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்கார அக்கா பெயர் மாதிரி இருக்கும். தட்டில் மூக்குச்சளி மாதிரி இருக்குமாம்.

ரிப்போர்ட்டை லேப் கவுன்டரில்தான் கொடுக்கவேண்டும், விளங்கச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். மாமாவால் நடக்க முடியாதே என்று அம்மா அதைக் கையோடு எடுத்துவந்தாள். அவர் வீடு பூட்டியிருந்தது. கட்டு மாற்றப் போயிருந்தார்கள். மறுநாள் விடியற்காலை அம்மா ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"வேடியப்பன் அண்ணா வந்து வாங்கிக்குவாரு. ஃபோன்ல சொல்லிட்டேன். அந்த மாத்திரை வேல செய்யல, மாத்தணும். நாளைக்கே டாக்டரப் பாக்கச் சொல்லு. இன்னா, கேட்டுச்சா?"

ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு காதில் "நாளைக்கே டாக்டரப் பாக்கச் சொல்லு" மட்டும் விழுந்தது.

"ம்" என்றேன்.

புதன்கிழமை காலை மாமா ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா, உங்கம்மா எதனா குடுத்துட்டுப் போச்சா?"

"இந்தாங்க மாமா. உங்க கிருமியோட ஜாதகம்."

வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இன்னா போட்டிருக்குது?"

"எட்டு மருந்து பேரு. ஆறுக்கு ஆரு, ரெண்டுக்கு எஸ்ஸு."

"அப்படின்னா?"

இந்த இடத்தில் "தெரியாது மாமா" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"எஸ்னா தெரியாதா மாமா? டிராஃபிக் போலீஸப் பாத்தா எஸ் ஆவீங்கள்ல, அந்த எஸ்ஸு. மருந்தப் பாத்ததும் கிருமி எஸ் ஆயிடுச்சு, சிக்கலன்னு அர்த்தம்."

"அப்ப ஆரு?"

"ரைட்டு! போலாம் ரைட்!"

அவர் திண்டிவனம் பஸ் கண்டக்டர் மாதிரி என் தலையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "நான் முழுங்கறது இதுல எதுன்னு பாரு." எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இருந்தது.

"ஆரு மாமா."

"அப்ப ரைட்டா?"

"ரைட்டோ ரைட்டு. ஆனா அம்மா டாக்டரப் பாக்கச் சொல்லுச்சு."

"ரைட்டுன்னா எதுக்கு டாக்டரு? காலைல போயி உக்காந்தா பொழுது சாயுது. மாத்திர ரைட்டா கீதுல்ல, முழுங்கினே இருக்கறேன்."

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். சிரித்தால் விளையாட்டு என்று புரிந்துகொண்டார் என்றுதான் அதுவரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அம்மா சென்னையிலிருந்து ஃபோன் பண்ணினாள். "குடுத்தியா?" "குடுத்துட்டேன்." "டாக்டரப் பாக்கச் சொன்னியா?" "சொன்னேம்மா." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சனிக்கிழமை திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அத்தை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு நன்றாக இருக்கும்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா நின்றுவிட்டாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். எனக்கு மசாலா வாசம்தான் வந்தது. அவளுக்கு வேறு ஏதோ வந்திருக்கிறது. உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு வணக்கம் கூடச் சொல்லாமல் அவர் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கட்டுக்கு மேலே பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சுண்டுவிரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"மருந்து மாத்துனாங்களாண்ணா?"

"எதுக்கு மாத்தணும்? அதே மாத்திரதான். ஒரு வேள கூட வுடல, கேட்டுப் பாரு இவள."

"ரிப்போர்ட்ல அதுக்கு ஆர்னு போட்டிருக்குதே!"

"அதான் தங்கச்சி. ஆருன்னா ரைட்டு தானே?"

அம்மா அப்படியே அவரைப் பார்த்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறிக்குழம்பு ஆசை எங்கே போனது என்று தெரியவில்லை.

"யாருண்ணா சொன்னது?"

மாமாவின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்தது. உடனே சுவர்க் காலண்டருக்குப் போய்விட்டது.

"யாரு சொல்றது. நானேதான் படிச்சேன்."

வேடியப்பன் மாமா ஐந்தாவது வரைக்கும் படித்தவர். எங்கள் ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் அவர் பேசுகிற இங்கிலீஷ் "கம் சார், கோ சார், டூ ஹண்ட்ரட்" வரைக்கும்தான். அது அம்மாவுக்கும் தெரியும்.

"உங்களுக்கு எப்பண்ணா இங்கிலீஷ் வந்துச்சு?"

"போன வாரந்தான்" என்றார் மாமா.

அந்த மனிதர் அழுகிக்கொண்டிருக்கிற காலை நீட்டிக்கொண்டு எனக்காகப் பொய் சொல்கிறார். அதுவும் எவ்வளவு மட்டமான பொய். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"நாந்தாம்மா சொன்னேன். ஆர்னா ரைட்டுன்னு. எஸ்னா எஸ்கேப்புனு. எனக்குத் தெரியாது, சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்."

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அம்மா எழுந்து, "ராணி அண்ணி, அவருக்கு வேட்டி மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். என்னிடம், "மணி வீட்ல இருக்கானா பாரு. ஆட்டோ எடுத்துட்டு வரச்சொல்லு. ஓடு" என்றாள். தெருமுனையில் இருக்கிற ஆட்டோக்கார மணி அண்ணன் வீட்டுக்கு நான் ஓடின ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓடியிருந்தால் கப் வாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் காலைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"அஞ்சு நாள் முன்னாடி வந்த ரிப்போர்ட். இத்தன ஆர் போட்டிருக்கான். கையில வச்சிக்கினு இன்னாய்யா பண்ணின?"

மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அந்த ரிப்போர்ட் போட்டது நான்தான் டாக்டர். லேப்ல வச்சு நேர்ல சொல்லிக் குடுத்திருக்கணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். தப்பு என்னுது."

என் பெயரே வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அது அடியைவிட மோசமாக இருந்தது.

எஸ் போட்டிருந்த இரண்டும் ஊசி மருந்து. ஒன்றை உடனே ஏற்றினார்கள். இரண்டு நாள் பார்ப்போம், வீக்கம் இறங்கினால் பாதம் தப்பும், விரலைப் பற்றி இப்போது பேசவேண்டாம் என்றார் டாக்டர்.

வராந்தா பெஞ்சில் அம்மா, நான், ராணியம்மாள் அத்தை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த எழுத்துக்கு நெசமாலும் இன்னாதான் அர்த்தம் அருணா?"

அம்மா என்னைக் கைகாட்டினாள். "அவ சொல்லட்டும்." ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அவள் சொல்லியிருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஆர்னா ரெசிஸ்டன்ட் அத்த. எதிர்ப்பு சக்தி இருக்குதுன்னு அர்த்தம்."

"எதிர்ப்பு சக்தி இருந்தா நல்லது தானேடி? டிவியில தெனமும் அதத்தான் சொல்றான்."

"அது நமக்கு இருந்தா நல்லது. இது கிருமிக்கு இருக்குது."

"சரி, எஸ்ஸு?"

"சென்சிட்டிவ்."

"ஐயோ, எங்க சின்ன மாமனாருக்கு ஊசி போட்டா ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா வரும், சென்சிட்டிவ்னுதான் சொன்னாங்க. அதுவா?"

"அது இல்ல அத்த..." நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருமி அந்த மருந்துக்கு மசியும், அடங்கும், அந்த மருந்து போட்டால் அது வளராது என்று எனக்குத் தெரிந்த மாதிரி நாலு விதமாகச் சுற்றினேன்.

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த மாத்திரைக்குக் கேக்கல, இந்த ஊசிக்குக் கேக்கும். இத்தச் சொல்றதுக்கு எதுக்குடி இந்தச் சுத்து?"

அம்மா மெதுவாகத் திரும்பினாள். "இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி."

"இன்னாத்த? கேக்கும், கேக்காதுதான்."

இருபது வருடமாக அம்மா அந்த உள்ளறையில் எஸ்ஸும் ஆரும் போட்டுக்கொண்டிருக்கிறாள். தலைவலிக்குக் கஷாயம் போட்டால் "கேட்டுச்சா?" என்றுதான் அவளும் வீட்டில் கேட்பாள். ரிப்போர்ட்டுக்கும் அதே வார்த்தை போதும் என்று இதுவரைக்கும் அவளுக்கே தோன்றவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மாமாவின் ரிப்போர்ட்டை மடிமேல் விரித்து, எட்டு மருந்துக்கு நேராகவும் தமிழில் எழுதினாள். ஆறு "கேட்காது". இரண்டு "கேட்கும்". அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இப்படியே மொதல்லயே எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் நான் அத்தையோடு ஆஸ்பத்திரியிலேயே பகல் முழுக்க இருந்தேன். டுடோரியலுக்கு லீவு சொன்னது இந்த ஒரு தடவைதான் நிஜமான காரணத்துக்கு. வீக்கம் செவ்வாய்க்கிழமை கணுக்காலிலிருந்து இறங்கியது. பாதம் தப்பித்தது. சுண்டுவிரல் தப்பவில்லை. எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் மாமாவிடம் போய் நின்றேன். மன்னிப்பு கேட்பதற்கு ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. மூக்குதான் ஒழுகியது.

"இன்னாத்துக்கு அழுவற? அது பிரேக்குல படாத விரலுடி" என்றார். "பெரு விரல்தான் முக்கியம். அது கீது பாரு." ஆட்டிக் காட்டினார். நான் இன்னும் ஜாஸ்தியாக அழுதேன்.

லேப் முதலாளி டாக்டர் சக்கரபாணி விஷயம் கேள்விப்பட்டு அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். நான் அன்றைக்கு அம்மாவுக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவோடு முன்னறையில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தும் கேட்டது.

"சட்டம்னு ஒண்ணு எதுக்குமா வச்சிருக்கேன்? யாரு கையில குடுத்த?"

"வீட்ல வச்சுட்டுப் போயிட்டேன் சார்."

"வீட்லன்னா யாரு?"

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "நான் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். அம்மா என்னை முறைத்த முறைப்பில் வழக்கமான கோபம் இல்லை. அது என்ன என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் திட்டு விழுந்தது. அம்மாவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். இருபது வருடத்தில் முதல் தடவை.

அவர் மூச்சு வாங்க நிறுத்தினபோது அம்மா கேட்டாள். "சார், இனிமே ரிப்போர்ட்ல கேட்கும், கேட்காதுன்னு தமிழ்லயும் எழுதிடட்டுமா?"

"இது லேப் ரிப்போர்ட்டா, மளிகைச் சீட்டாம்மா?"

"மளிகைச் சீட்ட எல்லாரும் படிக்கறாங்க சார்."

எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேச எங்கம்மாவால்தான் முடியும். அவர் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பேனாவால் எழுதுகிறாள். ஒருநாளைக்கு இருபது தாள் என்றால் நூற்றுக்கும் மேலே "கேட்காது". "கேட்கும்" வருவது குறைந்துகொண்டே போகிறது என்கிறாள். இருமல் வந்தால் மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி, இரண்டு நாள் முழுங்கி, மீதியை அலமாரியில் போட்டு வைக்கிறோமே, அதில் பழகித்தான் கிருமிகள் தேறுகின்றனவாம். நான் மூன்று வருடம் படித்தும் தேறாத ஊரில் கிருமி இரண்டே நாளில் தேறுகிறது.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் மறுபடியும் பஞ்சுக்குச்சி அனுப்பினார். இந்தத் தடவை ரிப்போர்ட் வீட்டுக்கு வரவில்லை. மாமா மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறி லேப் கவுன்டருக்கு வந்தார். நானும் கூடப் போனேன். அம்மா தாளை அவரிடம் கொடுத்தாள். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. மாமா அதை நேராகவே பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினார். ஆஸ்பத்திரியில் பொழுது போகாமல் அவரும் அத்தையும் என்னிடம் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"நோ... குரோத். வளர்ச்சி இல்லையா?" தலையைத் தூக்கினார். "விரல் வளராதுன்னு எனக்கே தெரியும் தங்கச்சி. இதுக்கு ஒரு டெஸ்டா?"

வரிசையில் நின்ற நாலு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றது. மூன்றையும் விழுங்கினேன்.

"கிருமி ஒண்ணும் வளரல மாமா. தட்டுல எதுவுமே முளைக்கல. சுத்தமாயிடுச்சு. டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டிடுங்க."

"இன்னிக்கே?"

"இன்னிக்கே."

"நெசமா? ஜோக் இல்லியே?"

"சத்தியமா இல்ல மாமா."

அம்மா உள்ளேயிருந்து பேனாவை எடுத்துவந்து, அந்த ஒரு வரிக்குக் கீழே "கிருமி இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள். மாமா அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பையில் வைத்தார். டாக்டரும் அன்றைக்கே பார்த்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அம்மாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். கிரிவலப் பாதையில் ஒரு மாடு, ஒரு சாமியார், ஒரு பஸ் என்று வரிசையாகக் குறுக்கே வந்தன. மாமா ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டார். ஒவ்வொரு தடவையும் அம்மா எட்டி அவர் பாதத்தைப் பார்த்தாள்; அவர் அழுத்தும்போது, அவளுக்குத் தெரியாமலேயே, அவளுடைய வலது காலும் தரையை அழுத்தியது.